அந்தோனியார் கண்டெடுத்த ஸ்பனர்கள்

ஆகாயத்தில் ஒரு ஸ்பனர் தொலைந்ததற்குக் கொட்டாஞ்சேனையில் வலன்ரைன் வெயிலில் நடக்க வேண்டியிருந்தது.

மகன் அனுஜனுக்குக் கனடாவில் வேலை. பழுதான செய்மதிகளை வானத்தில் வைத்தே திருத்துகிற ரோபோவைத் தரையில் இருந்துகொண்டு ஆட்டுவிக்க வேண்டும். அந்த ரோபோ ஸ்பனரைத் தவறவிட்டுவிட்டதாம். கிடைக்காவிட்டால் வேலை போய்விடும் என்று போனில் அழாக்குறையாகச் சொன்னான்.

"கிரேனில ஏறுறவனே ஸ்பனரைக் கயித்தில கட்டிக்கொண்டுதான் ஏறுவான். உங்கட ரோபோவுக்கு அந்த மூளை இல்லையோ?" என்று கேட்டார், துறைமுகத்தில் உழைத்தே முதுகொடிந்த வலன்ரைன்.

மனைவி ஐறீன் அவரைக் கொச்சிக்கடைக் கோயிலுக்குத் துரத்தினாள். தொலைந்த சாமானை அந்தோனியார் எடுத்துத் தருவார் என்பது அவள் நம்பிக்கை.

ரோபோ, செய்மதி என்றெல்லாம் புனிதரிடம் கதைக்க வலன்ரைனுக்கு வெட்கம். ஒரு ஸ்பனர் தொலைந்துவிட்டது என்று மட்டும் சொல்லி, மெழுகுதிரி கொளுத்திவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வாசலில் பக்கத்து வீட்டு ஹாஷிம் ஸ்பனரோடு நின்றார். எப்போதோ இவரிடம் இரவல் வாங்கியதாம். கட்டிலுக்குக் கீழே கிடந்ததாம்.

விலாசம் சொல்லாதது தன் பிழைதான் என்று வலன்ரைன் திரும்பவும் போனார். மேலே தொலைந்த ஸ்பனர் என்று விளக்கிவிட்டு வந்தால், ஒழுக்குப் பார்க்க வீட்டுக் கூரையில் ஏறியிருந்த மேசன் துருப்பிடித்த ஸ்பனர் ஒன்றை இறக்கிக் கொடுத்தான்.

மூன்றாம் தரம் வெட்கத்தை விட்டார். கூரைக்கும் மேலே, முகிலுக்கும் மேலே என்று அவர் கையை உயர்த்திக் காட்டியதை வரிசையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் போன் அடித்தது.

"அப்பா, ரோபோ ஒரு ஸ்பனரைப் பிடிச்சிட்டுது. ஆனா அது எங்கட இல்லை. வேற நாட்டுக்காரர் எப்பவோ விட்டதாம்."

வலன்ரைன் கதிரையில் பொத்தென்று இருந்தார். "அப்ப உன்ட வேலை?"

"வேலைக்குப் பயமில்லை. அதைப் பிடிக்க மற்றக் கையையும் நீட்டச் சொன்னன். அந்தக் கையிலதான் எங்கட ஸ்பனர் இருந்திருக்கு. கமெராவுக்குத் தெரியாத பக்கம்."

போனை வைத்த வலன்ரைன், புதினம் கேட்க வந்திருந்த ஹாஷிமிடம் பொரிந்து தள்ளினார். மூன்று தரம் நடந்தும் அந்தோனியார் மூன்று தரமும் பிழையான ஸ்பனரையே தந்தாராம்.

"அவர் என்ன செய்வார், மச்சான்?" என்றார் ஹாஷிம். "ஒங்கட ஸ்பனர் தொலையவே இல்லையே."