இடது சீட்டில் ஓர் ஆவி

சக்கர ஞானியின் கொட்டகைக்கு முன்னால் நின்ற வண்டி வரிசை ரொட்டிக்கடையைத் தாண்டி, மருந்துக்கடையைத் தாண்டி, பாலத்தின் மேல் ஏறி நின்றது. பாலத்தில் நின்றவர்களுக்கு எதற்காக நிற்கிறோம் என்றே தெரியாது. இவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்றால் விஷயம் இல்லாமலா இருக்கும் என்று நின்றார்கள்.

ஒரு பக்கமாக இழுக்கிற வண்டியில் ஆவி ஏறியிருக்கிறது என்று சொல்லி அதை இறக்கிவிடுகிற ஞானியின் அற்புதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு லாரியை அவர் தடவிக்கொடுத்தாராம். அன்றிலிருந்து அது அவ்வளவு நேராக ஓடியதாம். வீட்டுச் சந்து வந்தபோதும் திரும்ப மறுத்துவிட்டதாம். டிரைவர் இப்போது வேறு ஊரில் குடியிருக்கிறார். அவர் மனைவி இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. இன்னொருவர் குழந்தையின் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். வண்டி நேரானது, கூடவே குழந்தையின் மாறுகண்ணும் நேரானது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பார்த்தவர்களைவிட, பார்த்தவர்களைப் பார்த்தவர்கள்தான் ஊரில் அதிகம்.

அன்றைய வரிசையில் பள்ளி வேன் ஓட்டுகிறவர் ஒருவரும் இருந்தார். அவருடைய வேன் கொஞ்ச நாளாக இடது பக்கமே இழுத்தது. பட்டறை மெக்கானிக்கிடம் காட்டியபோது, "தூக்கிப் பார்க்கணும், விட்டுட்டுப் போங்க" என்றார். மெக்கானிக் தூக்கிப் பார்த்தால் கெட்ட சேதி சொல்வார். ஞானி தூக்காமலே நல்ல சேதி சொல்வார். எங்கே கூட்டம் சேரும் என்று கேட்கவும் வேண்டுமா?

பக்கத்து சீட்டில் மாமியார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல் டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொல்லித்தான் மாப்பிள்ளை வண்டியை எடுத்தார்.

"மாப்பிள்ளை, எனக்குப் பல்லு விழுந்து புதுசே முளைச்சிடும் போல இருக்கு. இன்னும் எவ்வளவு நேரம்?"

"தோ, அடுத்தது நாமதான் அத்தை."

முன்னால் ஒரு பேங்க் அதிகாரியின் புத்தம் புதுக் கார். சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது அது வலது பக்கமாகச் சாய்ந்து போயிற்று. "வழி விடுங்க! ஆவி வலது சன்னல் வழியா இறங்குது!" என்று ஞானி கத்தினார். அந்தப் பக்கம் நின்ற கூட்டம் பதறி ஒதுங்கி, இறங்கிய ஆவிக்கு மரியாதையாக வழி விட்டது.

வேன் முறை வந்தது. கொட்டகை நீளமானது, முன்பு வண்டி கழுவுகிற வாட்டர் சர்வீஸ் நடந்த இடம். ஈரம் காய்ந்தும் சோப்பு வாசனை போகவில்லை.

"கையை எடு. வண்டி தன் வாயால பேசட்டும்" என்றார் ஞானி.

வேன்காரர் கையை எடுத்தார். வேன் இடது சுவரைப் பார்த்து, மாமியார் வீட்டுக்குப் போகிற புது மாப்பிள்ளை மாதிரி ஆசையாகப் போயிற்று. அடித்துப் பிடித்து பிரேக்கை மிதித்தார். கூட்டம் "ஆ!" என்றது.

ஞானி குந்தி உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்து முன் டயரைப் படித்தார். உள்விளிம்பு மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. "ரேகை அழிஞ்சிருக்கு. இது தேய்மானம் இல்லப்பா, தலையெழுத்து." பிறகு கண்ணை மூடினார். "முன்னாடி இடது பக்கம் யாரோ உட்கார்ந்திருக்காங்க. கனமான ஆள். சொன்ன பேச்சு கேக்காது."

வேன்காரர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். "அது எங்க அத்தைங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஞானி அசரவில்லை. "அவங்களைச் சொல்லல. அவங்க மடியில உட்கார்ந்திருக்கு."

"என் மடியில கைப்பை இருக்கு. அதுக்குள்ள பல்வலி மாத்திரை இருக்கு. வேணுமா?" என்றார் மாமியார்.

ஞானியின் ஆட்கள் சக்கரத்துக்குக் கறுப்பு எண்ணெய் தடவினார்கள். ஸ்டீயரிங்கில் செம்புக்கம்பி சுற்றினார்கள். வேனைத் திருப்பி நிறுத்தச் சொன்னார் ஞானி. "வந்த தடத்துலயே வெளிய போகணும். ஏறின வழியாத்தான் ஆவி இறங்கும்."

வேன்காரர் கையை எடுத்தார். வேன் நூல் பிடித்தாற்போல நேராகப் போயிற்று! கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. வேன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. நாளைக் காலை எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஜம்மென்று போகலாம்.

"நிறுத்துங்க மாப்பிள்ளை."

"என்ன அத்தை?"

"ஏதோ ஒரு பிள்ளை விட்டுட்டுப் போன பந்து காலடியில கிடக்கு. உள்ள வரும்போது என் கதவுப் பக்கம் உருண்டுச்சு. இப்ப உங்க பக்கம் வருது. ஆவி பந்து விளையாடுதா?"

மாமியார் இறங்கினார். தடத்தின் நடுவில் அந்த ரப்பர் பந்தை வைத்துக் கையை எடுத்தார். பந்து யாரிடமும் தட்சிணை கேட்காமல் சுவரோரத்து வடிகாலுக்கு உருண்டது. எடுத்துவந்து மறுபடி வைத்தார். மறுபடி வடிகால்.

"இந்தப் பந்துல யாருங்க உட்கார்ந்திருக்கா?"

"அம்மா, அது... குழந்தை ஆவி" என்றார் ஞானி.

"சரி, விடுங்க. வாசல்ல உங்க கார் நிக்குதே, 'ஆவி அண்டாத வண்டி'ன்னு பலகை மாட்டி. அதைக் கையை எடுத்துட்டு உள்ள ஓட்டுங்க."

"இன்னிக்கு நேரம் சரியில்ல."

"நல்ல வண்டிக்கு என்னய்யா நேரம்?" என்று ஒரு குரல். வேடிக்கை பார்க்க நின்றுவிட்ட பேங்க் அதிகாரி முந்திக்கொண்டு ஏறிவிட்டார். சாவி அதிலேயே இருந்தது. வாசலில் இருந்து உள்ளே விட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். ஆவி அண்டாத வண்டி இடது பக்கம் ஒதுங்கி, ஒதுங்கி, சுவரை முன்விளக்கால் முத்தமிட்டது.

பின்னால் இருந்து ஒருவர் கேட்டார்: "ஞானி வண்டியிலயும் அவர் மாமியார் உட்கார்ந்திருக்காங்களா?"

"தண்ணி வடியணும்னு தரையைச் சாய்ச்சுப் போட்டிருக்காங்க" என்றார் மாமியார். "உள்ள வந்தா இடது பக்கம் பள்ளம். அதே தடத்துல வெளிய போனா வலது பக்கம் பள்ளம். அவ்வளவுதான் ஆவி."

வேன்காரருக்கு மனசு கேட்கவில்லை. "ஆனா நம்ம வண்டி நேராப் போச்சே அத்தை?"

"வண்டி இடது பக்கம் இழுக்குது, தரை வலது பக்கம் இழுக்குது. ரெண்டுக்கும் நடுவுல நேராப் போச்சு. வியாதி அப்படியே இருக்கு மாப்பிள்ளை."

அவர் முகம் செத்துப்போயிற்று. சமதளமான சாலைக்கு வந்து, நத்தையாக நகர்ந்தபடி, கையை லேசாகத் தளர்த்தினார். வேன் சமர்த்தாக இடது பக்கம் போயிற்று. செம்புக்கம்பி ஸ்டீயரிங்கில் பளபளவென்று மின்னியது.

பல் டாக்டருக்கு முன்னால் பட்டறை வந்தது. மாமியாரே அங்கே திருப்பச் சொன்னார். மெக்கானிக் வேனைத் தூக்கி, இடது முன் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். சக்கரம் லொடக் லொடக் என்றது.

"ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோட சேர்க்கிற டை ராட் முனை விட்டுப்போயிருக்கு. இது கழண்டுச்சுன்னா ஸ்டீயரிங் உங்க சொல்லைக் கேக்கும், சக்கரம் கேக்காது. பாலத்துத் திருப்பத்துல கழண்டா..."

வேன்காரர் அங்கே கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். பாலத்துத் திருப்பம். வேன் நிறையப் பிள்ளைகள். முதல் வரிசையில் அவர் மகள்.

"அன்னிக்கே தூக்கிப் பார்க்கணும்னு சொன்னேனே சார்."

"சொன்னீங்க" என்றார் வேன்காரர். "கேக்க நல்லா இல்ல."

ஞானி ஊரைவிட்டுப் போய்விட்டார். பக்கத்து ஊரில் பிரேக் ஜோசியம் பார்க்கிறாராம், அமோகக் கூட்டமாம். நம்முடைய வரிசையில் நின்றவர்களிலும் பாதிப் பேர் அங்கே போயிருக்கிறார்கள். சக்கரத்தில்தான் அவர் கொஞ்சம் தவறிவிட்டாராம், பிரேக்கில் கெட்டிக்காரராம்.

டயர் ஓட ஓடத் தேயும். மூளை நிறுத்தி வைத்தால்தான் தேயும். அடுத்த வரிசையில் போய் நிற்கிறவர்கள், வண்டி நகரும்வரை சும்மா நிற்கிற நேரத்திலாவது மூளையைக் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம்.