கிணற்றில் கிடந்த பெட்டியும் பதினேழு வளைவுகளும்

எதையும் அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பவனை ஊருக்குள் விடக் கூடாது. ஒன்றும் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு இருப்பான். முழுக்கத் தெரிந்தவனும் அப்படியே. நடுவில் நிற்பவன்தான் போகிற ஜீப்பை நிறுத்துவான். நான் பதினேழு தடவை நிறுத்தினேன், அதுவும் பெண் பார்க்கப் போகிற வழியில்.

எண்பதுகளின் பின்பாதி. தூத்துக்குடியில், கடலுக்கடியில் முங்கி வேலை பார்க்கும் ஆட்களை வைத்திருந்த ஒரு காண்ட்ராக்டரிடம் எனக்குக் கருவி ரிப்பேர் செய்கிற வேலை. அங்கே வந்திருந்த ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியை மணிக்கட்டில் கட்டியிருப்பார். எத்தனை அடி ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம், மேலே வரும்போது எங்கே நின்று நின்று வர வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும். அதற்குப் பேட்டரி மாற்றச் சொல்லி என்னிடம் கொடுத்தார். மாற்றினேன். மாற்றி, அப்படியே என் பையில் போட்டுக்கொண்டு லீவில் ஊருக்கு வந்துவிட்டேன். (திருட்டு இல்லை. திருப்பிக் கொடுக்கிற எண்ணம் இருந்தது.)

காரணம், மாமா போட்ட கடிதம். ராசிங்காபுரத்தில் இருந்த அவருடைய கிணற்றில் உத்திரம் ஒடிந்து மோட்டார் உள்ளே விழுந்துவிட்டது. நல்ல மழை, கிணற்றில் ஐம்பதடித் தண்ணீர். ‘நீதான் கடலிலேயே முங்குகிறவன் ஆயிற்றே’ என்று எழுதியிருந்தார். நான் முங்கியது மொத்தம் நாலு தடவை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் ஒரு காற்றுச் சிலிண்டரையும் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்து இறங்கினேன்.

கிணற்றில் இறங்க இருந்த அதே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு. அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் அந்த வீட்டுப் படி ஏறியாக வேண்டும். அம்மாவுக்குக் கிணற்று விவகாரம் பிடிக்கவே இல்லை. மாமாதான், “அக்கா, பத்து நிமிசச் சோலி. பய வெரசா வந்துருவான்” என்று அடக்கினார்.

பத்து நிமிடச் சோலிக்கு நான் கிணற்று மேட்டில் அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். ஆழத்தில் சுவாசிக்கிற காற்றில் இருக்கும் நைட்ரஜன் உடம்புக்குள் ஊறும். அரிசி, உளுந்து, கொண்டைக்கடலை மூன்றையும் ஒன்றாகத் தண்ணீரில் போட்டால் ஒரே நேரத்திலா ஊறுகிறது? அதே மாதிரி ரத்தம் சீக்கிரம் ஊறும், கொழுப்பும் மூட்டும் மெதுவாக. பெட்டி நொடிக்கு நொடி ஆழத்தைப் பார்த்து, ஒவ்வொன்றும் எவ்வளவு ஊறியிருக்கும் என்று தனித்தனியாகக் கணக்கு வைக்கும். எது முதலில் தன் எல்லையைத் தொடுகிறதோ, அதுதான் நமக்கு எல்லை. அதை மீறிச் சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல உடம்புக்குள் குமிழ் குமிழாகக் கிளம்பும். மூட்டு வலிக்கும், தோல் அரிக்கும், ஆளே போய்விடவும் கூடும். முங்கிய கையோடு மலை ஏறினாலும் ஆபத்துத்தான், மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறதல்லவா? கூடியிருந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏழு மணிக்கு இறங்கினேன். மோட்டார் கிடைத்துவிட்டது. மேலே தூக்குவதற்காக அதில் சங்கிலியைச் சுற்றும்போது மணிக்கட்டில் இருந்த பெட்டி இடித்துக்கொண்டே இருந்ததால், அதைக் கழற்றி மோட்டாரின் கொக்கியில் மாட்டினேன். சங்கிலியை முடுக்கினேன். கால் மணி நேரத்தில் மேலே வந்துவிட்டேன், பெட்டி இல்லாமல். சரி, மோட்டாரோடு வரட்டும் என்று விட்டேன். பாரம் தூக்கும் செயின் பிளாக் கொண்டுவர வேண்டியவர் வந்து சேரவே பத்தரை ஆனது. பதினோரு மணிக்குத்தான் மோட்டாரும் பெட்டியும் வெளியே வந்தன.

பெட்டி கத்திக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு வெட்டி வெட்டி எரிந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வந்துவிட்டாய், உடனே கீழே போ என்று அம்புக்குறி காட்டியது. அந்த நிமிடமே முழங்கை வலித்தது. (சங்கிலி இழுத்த கை வலிக்காமல் என்ன செய்யும்?) முதுகு அரித்தது. (கிணற்றுப் பாசி.) பிரசங்கத்தில் சொன்ன அத்தனையும் ஒவ்வொன்றாக என் உடம்பில் வந்து உட்கார்ந்தது. அட மடையா, அதைக் கழற்றி மாட்டியதே நீதானே? அந்த யோசனை மட்டும் வரவில்லை.

இன்றைக்கு மலை ஏற முடியாது, போனால் செத்துப்போவேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கோபப்படவில்லை, அழவும் இல்லை. பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

“இந்த எடமும் தவறிப்போச்சுன்னா நான் இனி எங்கயும் வர மாட்டேன். உனக்கு நீயே பாத்துக்க” என்றாள்.

எனவே நானாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். கடலில் நின்று நின்று மேலே வருகிறார்கள் அல்லவா? மலையிலும் நின்று நின்று ஏறுவோம். போடிமெட்டுச் சாலையில் கொண்டை ஊசி வளைவு பதினேழு. வளைவுக்குப் பத்து நிமிடம். (உண்மையில் உடம்புக்கு அப்படி ஆகியிருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வளைவில் நின்று வேடிக்கை பார்த்தால் சரியாகாது.) ஒன்றரை மணிக்கு மாமா, அத்தையோடு கிளம்பினோம். ஜீப்பு காதர் அண்ணனுடையது. முதல் வளைவில் நிறுத்தச் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“தம்பி, இந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக் பிடிக்காது. நின்னா, எறங்கிக் கல்லு வைக்கணும்.”

பதினேழு வளைவிலும் அவர் இறங்கிக் கல் வைத்தார், எடுத்தார். நாலாவது வளைவில் அத்தைக்கு வாந்தி. ஆறாவது வளைவில் குரங்கு வந்து வெற்றிலைத் தட்டில் இருந்த வாழைப்பழச் சீப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. எட்டாவதில் மாமா, மோட்டார் கிணற்றிலேயே கிடந்திருக்கலாம் என்றார். நான் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, இன்னும் மூன்று நிமிடம், இன்னும் இரண்டு நிமிடம் என்று அறிவித்துக்கொண்டிருந்தேன். என்னை அங்கேயே உருட்டிவிடாமல் விட்டது அவர்கள் பெருந்தன்மை. பன்னிரண்டாவது வளைவில் மணி நாலரை தாண்டியது. அம்மா அதன் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

எஸ்டேட் வாசலுக்குப் போனபோது ஆறுக்குப் பத்து நிமிடம். பெண்ணின் அப்பா, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர், வெளியே வந்து கைகூப்பினார். ராகு காலம் முடியட்டும், பத்து நிமிடம் இங்கேயே நில்லுங்கள் என்றார். குளிரில் நின்றோம். அது பதினெட்டாவது நிறுத்தம்.

உள்ளே போனதும் ஏன் தாமதம் என்று கேட்டார். மாமா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பெண்ணின் அப்பா முகம் மாறிவிட்டது. மலை ஏறினால் உடம்புக்கு ஆகாது என்றால் என்ன சீக்கு, எங்களிடம் ஏன் முன்பே சொல்லவில்லை, எங்கள் பெண் பிறந்து வளர்ந்ததே மலையில்தானே என்றார். அம்மா பூத்தட்டைக் கீழே வைக்கவில்லை. எழுந்திருக்கத் தயாராக இருந்தாள்.

அப்போது கதவோரம் நின்றிருந்த பெண், வசந்தா, அந்தப் பெட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டாள். கொடுத்தேன். இது ரத்தத்தை எடுத்துப் பார்க்குமா என்றாள். இல்லை, ஆழமும் நேரமும்தான், மற்றதெல்லாம் கணக்கு என்றேன். அந்த நிலைமையிலும் கொண்டைக்கடலை வரைக்கும் போய்விட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். கடைசியாக முங்கிய நேரம் என்று அதில் ஒரு எண் நின்றது.

“இதுல இருநூத்தி நாப்பது நிமிசம்னு இருக்கு. நீங்க நாலு மணி நேரமா உள்ள இருந்தீக?”

கால் மணி நேரம் என்றேன். சொல்லும்போதே எனக்குள் ஏதோ சரிந்தது. என் முதுகில் இருந்த சிலிண்டரில் ஒரு மணி நேரத்துக்கே காற்று கிடையாது.

“எங்க ஸ்டோருல தெர்மாமீட்டர் எங்க தொங்குதோ, அங்க உள்ள சூட்டத்தான் காட்டும். வெளிய நிக்கிற எனக்கா காய்ச்சல்னு சொல்லும்? நாலு மணி நேரம் கெணத்துல கெடந்தது இந்தப் பெட்டிதான். நீங்க இல்ல.”

காதர் அண்ணன் வாசலில் நின்றபடி, “பதினேழு கல்லு” என்றார்.

“அப்ப மாப்ளைக்குச் சீக்கு எதுவும் இல்லையா?” என்று பெண்ணின் அப்பா தன் மகளிடமே கேட்டார்.

“இல்லப்பா. யோசனதான் கொஞ்சம் லேட்டா வருது.”

காலையிலிருந்து முதல் தடவையாக அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே பூத்தட்டைக் கீழே வைத்தாள்.

அந்த வைகாசியிலேயே கல்யாணம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவள் பிறந்த வீட்டுக்கு மலை ஏறும்போது, முதல் வளைவு வந்ததும் பிள்ளைகள் பின் சீட்டிலிருந்து, “கல்லு வைக்கணுமாப்பா?” என்பார்கள். நான் முறைப்பேன். வசந்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, “மொதல்ல கெணத்துல எதையும் மாட்டிட்டு வந்தாரான்னு கேளுங்க” என்பாள்.