பேட்டரிக்கு உயிர் வரவில்லை

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மீட்டர்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வாசலில் மாதக்கணக்காகச் செத்துக் கிடக்கும் காரின் பேட்டரிக்கு உயிர் கொடுத்தே தீருவது. மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை. புது பேட்டரி என்ற பேச்சே கிடையாது.

வேலையில் இருந்தவரை வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்துக் கணக்கெழுதியவர் அவர். அவர் தட்டினால் திறக்காத கதவில்லை. "வாங்க மீட்டர்காரரே, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்காத வாசலில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவரைக் கேட்க நாதியில்லை. சொந்த வீட்டுக் கூடத்தில் மனைவி தையல் வகுப்பு நடத்துகிறாள். அங்கே நாலு மெஷின், நாலு பெண்கள், ஓயாத பேச்சு. அவர் குறுக்கே போனால் பேச்சு நின்றுவிடும். ஸ்கேலை எடுத்துக் கொடுப்பார்கள், அதற்குத்தான் வந்தார் என்று நினைத்து. மகள் வெளியூரிலிருந்து போனில், "அப்பா எப்படி இருக்கார்?" என்று அம்மாவிடம் கேட்பாள். "நல்லா இருக்கார்" என்று அம்மா சொல்வாள். பக்கத்து நாற்காலியில் அப்பா தலையாட்டுவார். போன் கைக்கு வராது.

ஆகவே பேட்டரி. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி, முனைகளில் பூத்திருந்த பச்சைப் பொடியைத் தேய்த்து எடுத்தார். மூடிகளைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினார். இரவல் சார்ஜரில் ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தார். இனி சோதனைதான் பாக்கி. பேட்டரியில் மாட்டிய வோல்ட் மீட்டரின் முள்ளைப் பார்க்க ஒரு ஆள், உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்ப ஒரு ஆள் வேண்டும்.

சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் மனைவியைக் கூப்பிட்டார். தோளில் டேப்போடு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். மீட்டர்காரர் பானெட்டுக்குப் பின்னாலிருந்து பாடம் எடுத்தார்.

"நல்லாக் கேட்டுக்கோ. கழட்டும்போது மைனஸ் முதல்ல. மாட்டும்போது மைனஸ் கடைசில. மாத்திச் செஞ்சா, ஸ்பேனர் கார் பாடியில பட்டு பொறி பறக்கும். விளையாட்டு இல்ல."

"நான் எதுக்குங்க கழட்டப் போறேன்?"

"தெரிஞ்சு வெச்சுக்கோன்னு சொல்றேன். இப்பத் திருப்பு."

'டக்' என்றது. முள் படுத்துக்கொண்டது.

"இன்னும் தேறணும்" என்றார்.

அவள் உடனே எழுந்து போய்விடவில்லை. சீட்டைப் பின்னால் சாய்த்து, காலை நீட்டினாள்.

"அப்பாடா, இங்க மெஷின் சத்தமே கேக்கல. எனக்கு முதுகு வலிக்குதுங்க."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா."

அவருக்குத் தெரியாது. பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். இருட்டும்வரை பேசினார்கள். அவரும் ஓய்வுக்குப் பிறகு பேசாததையெல்லாம் சேர்த்து வைத்துப் பேசினார்.

ராத்திரி மறுபடி சார்ஜர், மறுநாளும் அதே பேச்சு. மூன்றாம் நாள் வினை வந்தது. அவள் வருவதற்குமுன் தனியாகச் சாவியைத் திருப்பிப் பார்த்தார். கார் கனைத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. பேட்டரி பிழைத்துவிட்டால் சாவி திருப்ப அவள் எதற்கு வருவாள்? எஞ்சினை அணைத்தார். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, அக்கம்பக்கம் பார்த்து, அவசர அவசரமாக பிளஸ் முனையைக் கவ்வியிருந்த கிளாம்பைத் தளர்த்தி, சும்மா மேலே உட்கார வைத்தார்.

அன்றும் அவள் வந்து திருப்பினாள். சத்தமே இல்லை.

"பாவம், இன்னும் தேறலையா?"

"பழைய பேட்டரி. பொறுமையாத்தான் வரும்."

அதிலிருந்து தினமும் இதே கூத்து. இத்தனைக்கும் மீட்டரில் முள் நாளுக்கு நாள் மேலே ஏறியது. என் டிஸ்டில்டு வாட்டர் செய்த வேலை என்று மார்தட்டிக்கொண்டு, அவளிடம் மட்டும் குறைத்துச் சொன்னார். அவர் காலையில் நடைக்குப் போய், படிப்பகத்தில் பேப்பர் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பானெட் சூடாக இருக்கும். வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் காலை பாதி நடையில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடி திரும்பினார். வாசலில் காரைக் காணோம்.

திருட்டு என்றுதான் முதலில் தோன்றியது. காரைப் பற்றிக்கூட அவ்வளவு கவலையில்லை. சாயங்காலம் எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதுதான் கவலை. படி ஓரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு, நனைவதுகூடத் தெரியாமல் நின்றார்.

தெருமுனை திரும்பி கார் வந்தது. ஸ்டியரிங்கில் மனைவி. பக்கத்தில், அவளிடம் தையல் கற்கும், டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் பெண். அவர் ஒருநாளும் ஒரே மூச்சில் நிறுத்தாத இடத்தில், ஒரே மூச்சில் நிறுத்தினாள் மனைவி. அந்தப் பெண் குடையை விரித்துக்கொண்டு தன் வழியே போனாள். மனைவி பானெட்டைத் திறந்து, கத்தரிக்கோல் பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து, கிளாம்பைத் தளர்த்தி, பழையபடி மேலே உட்கார வைத்தாள். நிமிர்ந்தபோதுதான் தூணோரம் நின்றவரைப் பார்த்தாள்.

"மழையில எதுக்கு நிக்கிறீங்க? உள்ள வாங்க."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நீங்க கழட்டினதை ஜன்னல் வழியாப் பார்த்தேன், அதுக்கு மறுநாள்லேர்ந்து. நீங்க சொல்லிக் குடுத்தா கத்துவீங்க. அதான் அவகிட்ட கத்துக்கிட்டேன்."

"கத்துக்கிட்டே, சரி. அதைத் திரும்ப எதுக்குக் கழட்டி வெச்சே?"

அவள் முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள்.

"சாயங்காலம் எனக்கும் உக்கார ஒரு இடம் வேணுமில்ல?"

மீட்டர்காரருக்கு மழை நீர் எது, கண்ணீர் எது என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"அப்ப இன்னிக்கு சாயங்காலம் வருவியா?"

"வராம? ஆனா இனிமே நீங்க கிளாம்புல கை வைக்க வேணாம், நானே கழட்டி வெச்சிடறேன். பிளஸ்ஸைப் போய்க் கழட்டி வெச்சிருக்கீங்க. மைனஸ்தானே முதல்ல?"