நெத்திலி ஓட்டு

...தெருக் கூட்டத்துல எல்லாரும் தலைய ஆட்டினாங்களாம், அதுதான் முடிவாம்! போடி சாந்தி. கூட்டமா முடிவெடுக்கப் போய் நான் பட்ட மானக்கேட்டக் கேளு. இப்டி குந்து.

டிராலர் படகு புதுசா வந்த காலம். ராயபுரத்துல ஒரு ஷெட்டுல இறா உரிச்சுகினு இருந்தோம், பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க. அதுல பிலோமினாவுக்குக் கைக்கொழந்த, வூட்ல மாமியாகிட்ட. பொழுது ஏறினாலே அவளுக்குப் பால் கட்டிக்கும், ரவிக்க நனைஞ்சுடும். பல்லக் கடிச்சுகினு குந்தினு இருப்பா. ஒரு நட வூட்டுக்குப் போய்ட்டு வர மேஸ்திரி வுடமாட்டான். "எல்லாரும் உரிக்கறத நிறுத்திட்டுக் கேப்பமா?"ன்னு பேச்சு வந்துச்சு. ஆனா எவ மொதல்ல வாயத் தொறந்தாலும் நாளைக்கு அவளுக்கு வேல இல்ல.

நான் இன்னா பண்ணேன் தெரியுமா? (எலெக்‌ஷன் நடத்தற கலெக்டருன்னு நெனப்பு!) "ரகசியமா ஓட்டுப் போடலாம்மே. கேக்கலாம்னா இறாவோட கலந்து கெடக்கற நெத்திலி, வேணாம்னா இறாத் தோலு"ன்னேன். கோணி மறைவுல ஒரு சட்டி வெச்சேன். ஒவ்வொருத்தியா போய்ப் போட்டுட்டு வந்தா. நான் வெளிய நின்னுகினு, எது ஜெயிச்சாலும் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கக் கூடாதுன்னு பிரசங்கம் பண்ணேன்.

சட்டியக் கவுத்தா, வெறும் தோலு. நெத்திலி ஒண்ணுகூட இல்ல. தோலு எத்தினின்னு எண்ணிப் பாக்கக்கூடத் தோணல இந்தப் புத்திசாலிக்கு.

நான் போட்டது நெத்திலி. ஆனா அது எங்க போச்சுன்னு கேக்கல. எல்லாரும் வேணாம்னும்போது நான் மட்டும் எப்டிக் கேக்கறது? மத்தவளுங்களும் தலையக் குனிஞ்சுகினு இறாவக் கையில எடுத்தாளுங்க.

பிலோமினாதான் அழுதுகினே கேட்டா: "உங்க இஷ்டம் யக்கா. ஆனா எனக்கு நானே போட்ட நெத்திலி எங்கக்கா?"

அப்பால ஒருத்தி, "என்துகூடக் காணோம்மே!" "நானும் நெத்திலிதான்!" "நானுந்தான்!"னு எல்லாரும் எழுந்து கத்தறோம். (தோலு போட்டவளுங்களும் சேந்துதான்!) கோணிக்குப் பின்னால பாத்தா, ஒரு பூனை மூஞ்ச நக்கிகினு கீது.

திரும்பினா, வாசல்ல மேஸ்திரி. அத்தினியும் கேட்டுட்டான். ரகசியம் போச்சு, பொழப்பும் போச்சுன்னு நெனச்சேன். ஆனா ஒருத்திகூடக் குந்தல. எவளன்னு வெளிய தொரத்துவான்? இறா மலையாட்டம் குமிஞ்சு கெடக்குது.

"இன்னா எல்லாரும் மொறைக்கிறீங்க?"ன்னான். பிலோமினாவப் பாத்து, "போ, பால் குடுத்துட்டு சீக்கிரம் வா"ன்னான். அவ செருப்புகூடப் போடாம ஓடினா.

அதுலேந்து எதுன்னாலும் மூஞ்சப் பாத்து வாயத் தொறந்து சொல்றதுதான் எங்க ஷெட்டு வழக்கம். அந்தக் கொழந்தைக்கு நெத்திலின்னே பேரு ஒட்டிக்கிச்சு. இப்ப ஹார்பர்ல கிரேன் ஓட்றான், ட்ரம்மு மாரி கீறான். அவன் பொண்டாட்டியே, "யோவ் நெத்திலி, துன்ன வா"ன்னு...

ஐயய்யோ, கொழம்பு அடிபுடிக்கிற வாசன வருது. எழுந்துருடி, வழிய வுடு!