ஸ்டோர்ஸ் அண்ணாச்சியின் காலாட்படை

தன் வீரர்களில் ஒருவன் காலிலும் முள் குத்தாமல் பார்த்துக்கொண்டு, நடத்திய போர்களில் எல்லாம் தோற்ற தளபதி உலக வரலாற்றில் ஒரே ஒருவர்தான். அவர் தில்லி முனிர்காவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் குடியிருந்தார்.

ஏதோ ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் கிளார்க், திருநெல்வேலிக்காரர், தனிக்கட்டை. அங்கே வாடகைக்கு இருந்த தமிழ்ப் பையன்கள் எங்களுக்கு ஸ்டோர்ஸ் அண்ணாச்சி. நான் வேலை தேடி தில்லிக்கு வந்து சேர்ந்தது 2001 ஆகஸ்டில். அவரை முதலில் பார்த்தது நவம்பர் குளிரில், தெருமுனை சைபர் கஃபேயில். பழுப்புக் கோட்டின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, பழங்காலப் போர் விளையாட்டில் ஒரு படையை ஆண்டுகொண்டிருந்தார்.

யானை, குதிரை, வில், வேல் என்று நான்கு வகைப் படை. ஒவ்வொரு வகைக்கும் என்ன ஆயுதம், எந்தக் கவசம், என்ன காலணி என்று நாமே பொறுக்கி மாட்டலாம். மற்றவர்கள் இதை இரண்டு நிமிடத்தில் முடிப்பார்கள். அண்ணாச்சி விசைப்பலகைக்குப் பக்கத்தில் நீளவாட்டு ரெஜிஸ்டர் ஒன்றை விரித்து, கோடு போட்டு, கொடுத்த பொருள், கொடுத்த தேதி, திருப்பிய தேதி என்று எழுதுவார். பழைய கேடயம் திரும்பி வராமல் புதுக் கேடயம் போகாது.

"யானைக்குக் கவசம் போடலையா அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது கிளாஸ் ஒன் ஆபீசர்லே. பொறக்கும்போதே தடிச்ச தோலு. அதுக்கு எதுக்குக் கவசம்?"

"குதிரைக்கு?"

"கிளாஸ் டூ. மிஞ்சினாப் பாப்போம். வேல்காரன் கிளாஸ் ஃபோர். முன்னால நிக்கிறவன் அவன்தான், முதல்ல சாவுறவனும் அவன்தான். மொத இஷ்யூ அவனுக்கு."

அவர் இஷ்யூ செய்து முடிப்பதற்குள் எதிரி வந்து கோட்டையைப் பிடித்து, கொடி ஏற்றி, சமோசாவுக்குச் சொல்லிவிட்டிருப்பான்.

அந்த ஜனவரியில் எனக்கு ஒரு நேர்முகத் தேர்வு வந்தது. திங்கட்கிழமை காலை. என்னிடம் இருந்ததோ ஒரு ஸ்வெட்டர். அதிலும் முழங்கையில் ஓட்டை. வீட்டுக்காரர் மகன் பப்புவிடம் நல்ல பிளேசர் ஒன்று இருந்தது. இரவல் கேட்டேன்.

"அரே மதராசி, ஞாயித்துக்கிழமை கேம்ல ஜெயி. கோட் தேரா, உனக்குத்தான். தோத்தா ஒரு மாசம் எங்க வீட்டுக்குத் தண்ணி தூக்கு" என்றான் பாதி இந்தியிலும் பாதி எங்களிடம் கற்ற தமிழிலும்.

ஆளுக்கொரு துணை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அன்று ஊரில் இருந்த ஒரே துணை அண்ணாச்சி. பந்தயத்தைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. அது என் தவறு.

பனிமலையில் போர், பப்புவின் கோட்டையைப் பிடிக்க வேண்டும். வில் என் பொறுப்பு, வேல் அவர் பொறுப்பு. என் வில்லாளிகள் மதில்மேல் இருந்த அத்தனை பேரையும் சாய்த்து, கதவையும் உடைத்துவிட்டார்கள். வேல்காரர்கள் உள்ளே நடந்துபோனால் போதும். பிளேசர் என் தோளில். பப்பு தலையில் கை வைத்துக்கொண்டான்.

வேல்காரர்கள் நகரவில்லை.

"அண்ணாச்சி, விடுங்க! கதவு திறந்து கெடக்கு!"

"நாப்பது பேருக்குச் செருப்பு வரலைலே."

"செருப்பா?"

"பனில நிக்கான் பாரு, வெறுங்காலோட. எப்படில அனுப்புவ?"

"அது பொம்மை அண்ணாச்சி!"

"பொம்மைன்னா குளிராதா?"

முப்பத்தெட்டாவது ஜோடியில் இருந்தபோது பப்புவின் குதிரைகள் பின்பக்கமாக வந்து என் வில்லாளிகளை மிதித்து முடித்தன. நேரமும் முடிந்தது. திரையில் வந்த கணக்கில் அண்ணாச்சிப் படையின் இறப்பு: பூஜ்யம். "பாத்தியா?" என்று பெருமையாகத் திரும்பினார்.

"என் கோட் போச்சு அண்ணாச்சி!" என்று கத்திவிட்டேன். பந்தயம், நேர்முகத் தேர்வு, முழங்கை ஓட்டை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ரெஜிஸ்டரை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

திங்கள் காலை, பனிமூட்டத்தில், பப்பு வீட்டுக்கு முதல் குடம் தூக்கிவிட்டுத் திரும்பினால் வாசலில் அண்ணாச்சி. உடம்பில் அரைக்கை ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா, கையில் இஸ்திரி போட்ட பழுப்புக் கோட், கக்கத்தில் ரெஜிஸ்டர். அவரிடம் இருந்த ஒரே கோட் அது.

"போடுலே. கை ரெண்டு இஞ்சு நீளம், மடிச்சுத் தச்சிருக்கேன். இங்க கையெழுத்துப் போடு."

போட்டேன். நாற்பது வேல்காரர்களுக்கு அடுத்த வரியில் என் பெயர் இருந்தது. வகை: கிளாஸ் ஃபோர்.

அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மார்ச்சில், மூன்றாவது கிடைத்தது. மூன்றுக்கும் அதே கோட். திருப்பிக் கொடுக்கப் போனேன். ரெஜிஸ்டரைத் திறந்தவர், திருப்பிய தேதிக் கட்டத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்லே. இன்னும் சண்டை முடியலைலா."

தேதி போடாமல் ஒரு வரியும் எழுதாதவர் அவர். அந்த ஒரு கட்டம் மட்டும் இன்றுவரை காலியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.