ஆறாவது கடை

சென்ற ஆண்டு பிப்ரவரி பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வெயில் இருந்தது, உறைக்கவில்லை. காற்று அறவே இல்லை. ஆரணியில் ஒரு செல்போன் கடையின் முதல் படியில் வலது காலை வைத்தபடி ஆறுகடை என்னிடம் சொன்னார்: "சார், முன்னாடியே சொல்லிடறேன். இன்னிக்கு வாங்க மாட்டோம். பாக்கறோம், அவ்ளோதான்."

கடவுள் உலகத்தைப் படைத்தபோது ஆறுகடை பக்கத்தில் இல்லாமல் போனது நம் எல்லோருடைய அதிர்ஷ்டம். இருந்திருந்தால் ஆறு நாளில் வேலை முடிந்திருக்காது. "சூரியன் நல்லாதான் கீது சாமி. இதே மாதிரி இன்னும் அஞ்சு எட்து போடு, பாத்துட்டு சொல்றேன்" என்று நிறுத்தியிருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை. பட்டுப் புடவைத் தரகர். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வருகிறவர்களைக் கடை கடையாக அழைத்துப்போவதுதான் தொழில். மற்ற தரகர்கள் கமிஷன் கூடுதலாகத் தரும் ஒரு கடைக்கு நேராக ஓட்டிப்போவார்கள். இவர் ஆறு கடை ஏற்றி இறக்குவார். புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடிப்பார், உள்ளங்கையில் வைத்து எடை சொல்வார், தலைப்பிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார். ஆறாவது கடையில் மணப்பெண்ணின் அத்தைகள் களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் அவர் கைகாட்டிய புடவை சாயம் போனதாக இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை.

தொழிலில் மட்டும் இப்படி என்றால் பரவாயில்லை. கடைவாய்ப் பல் வலித்தபோது ஆறு பல் டாக்டர்களைப் பார்க்கப் புறப்பட்டார். நான்காவது டாக்டரின் வரவேற்பறையில் பல் தானாகவே கையில் விழுந்தது. "பாத்தீங்களா, அவசரப்பட்டிருந்தா முன்னூறு ரூபா போயிருக்கும்" என்றார். பெண் பார்த்ததும் ஆறு இடம். ஆறாவது வீட்டில் அந்தப் பெண் காபித் தட்டை நீட்டிக்கொண்டே, "இன்னும் அஞ்சு மாப்ள பாத்துட்டு சொல்றேன்" என்றாளாம். அங்கேயே தட்டை மாற்றிவிட்டார்கள்.

நான் முப்பத்தாறு வருடம் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது எழுபத்து நான்கு. எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. என் வீட்டுக்கு எதிர் வீடு ஆறுகடை. மாலையில் இருவரும் நடக்கப் போவோம். மூவாயிரத்து இருநூறு அடி. கடந்த ஒரு வருடமாக அவர் என் வலப்பக்கமாகவே நடந்துவந்தார். ஏன் என்று கேட்டால், "எடது பக்கம் சாக்கடை சார்" என்பார். எங்கள் தெருவில் சாக்கடை இரண்டு பக்கமும் உண்டு.

ஹெட்போன் விவகாரம் கிறிஸ்துமஸில் ஆரம்பித்தது. என் மனைவி எங்கள் சபையின் பாடகர் குழுவில் நாற்பத்தோரு வருடமாகப் பாடுகிறாள். மொத்தம் பதினான்கு பேர். கீழ்க்குரல் பாடும் ஐந்து பெண்கள் இடது ஓரம், அதில் மூன்றாவது ஆள் இவள். இந்த முறை இரண்டு பக்கமும் மைக் வைத்துப் பதிவு செய்து எல்லோருடைய போனுக்கும் அனுப்பியிருந்தார்கள். என்னிடமிருந்த சின்ன இயர்போனைக் காதில் மாட்டிக் கேட்டேன். வலது பக்கம் அருமை. இடது பக்கம் யாரோ போர்வைக்குள் பாடுவது போலிருந்தது.

"உங்க பக்கம் அஞ்சு பேரும் வாயை மட்டும் அசைச்சீங்களா?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

அடுத்த மூன்று நாளில் அவள் என்னிடம் பேசியது ஒன்பது வார்த்தை. அதில் நான்கு, "சாப்பாடு". நான்காம் நாள் மொத்தமாகப் பேசினாள். "நாப்பத்தோரு வருசமா பாடிகினு இருக்கேன். வூட்டுக்காரருக்கே கேக்கலன்னா நான் யாருக்குப் பாடறேன்? போதும். வேற யாரனா நிக்கட்டும் அந்த எடத்துல."

சொன்னபடியே வியாழக்கிழமைப் பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஈஸ்டர் பாட்டுகளுக்குப் பயிற்சி தொடங்கும் நேரம். போதகர் இரண்டு முறை வந்தார். அசையவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை, கேட்காததைக் கேட்டது என்று எப்படிச் சொல்வது?

ஆறுகடைதான் வந்தார். "இன்னா சார், வியாழக்கெழம சாயங்காலமானா டீச்சரம்மா சமையல்கட்டுல பாடிகினு இருப்பாங்க. நாலு வாரமா சத்தத்தையே காணோம். தெருவே பேஜாரா கீது."

விஷயத்தைச் சொன்னேன். குற்றம் பாட்டில் இல்லை, என் இயர்போனில்தான் இருக்கவேண்டும். நல்ல உயர்ந்த ரக ஹெட்போன் ஒன்று வாங்கி அவள் குரலைக் கேட்டுவிட்டால் பிரச்சினை தீரும் என்றேன். அவர் கண்கள் பளபளத்தன. ஹெட்போனில் கடை ஏறி இறங்க அவருக்கு அதுவரை வாய்ப்பே கிடைத்ததில்லை.

முதல் கடையில் நான்கு பார்த்தோம். விற்பனையாளர் ஒரு குத்துப் பாட்டைப் போட்டார். ஆறுகடை கையை உயர்த்தி நிறுத்தினார். "உன் பாட்டு வேணாம் தம்பி. உங்க கடை லைட்டுல எல்லாப் புடவையும் பளபளன்னுதான் இருக்கும். எங்க பாட்டப் போடு." சபைப் பாட்டைப் போட்டோம். நான் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோயிருந்தேன்: வரிசை எண், விலை, வலப்பக்கத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், இடப்பக்கத்துக்கு எத்தனை. நான்குக்கும் வலம் ஏழு, இடம் இரண்டு.

"எடது பக்கம் வேலை செய்யலையே" என்றேன்.

ஆறுகடை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு பாட்டு முழுவதையும் கேட்டார், ஐந்து நிமிடம் பத்து விநாடி. பிறகு மெதுவாகக் கழற்றிக் கீழே வைத்தார். "ஆமா சார். கம்மிதான். வாங்க, வேற கடை பாக்கலாம்."

இரண்டாவது கடையும் ஆரணிதான், மூன்று ஹெட்போன். மூன்றாவதும் நான்காவதும் வேலூர், எட்டு. விலை ஏறிக்கொண்டே போனது, இடப்பக்க மதிப்பெண் ஏறவில்லை. வேலூரில் ஒரு விற்பனையாளர், "சார், அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்களேன், எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடும்" என்று என் தலையிலிருந்ததைக் கழற்ற வந்தார். ஆறுகடை அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, புடவைல முந்தானைய இடுப்புல சொருவி, கொசுவத்த தோள்ல போடுவியா? கம்பெனிக்காரன் இடதுன்னு எழுதி வச்சிகீறான். இடதுன்னா இடதுதான்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஐந்தாவது கடை சென்னை. முன்கூட்டியே நேரம் கேட்டுப் போக வேண்டிய கடை. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், சோபாவில் உட்காரவைத்துத் தேநீர் தந்தார்கள். மேலாளர் ஒருவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு மரப் பெட்டியிலிருந்து ஒரு ஹெட்போனைப் பிறந்த குழந்தையைத் தூக்குவது போல் தூக்கினார். விலை ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம்.

"இதுல சவுண்ட் ஸ்டேஜ் ரொம்ப அகலமா இருக்கும் சார்."

"எத்தினி மொழம்?" என்றார் ஆறுகடை.

மேலாளர் புன்னகை செய்தார். ஆறுகடை அதை உள்ளங்கையில் வைத்து, "முன்னூத்தி எம்பது கிராம்" என்றார். பெட்டியில் முன்னூற்று எழுபத்தெட்டு என்று போட்டிருந்தது. மேலாளரின் புன்னகை குறைந்தது. பிறகு இவர் அதைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். அலாரம் அலறியது.

"சார்! எங்க போறீங்க?"

"வெயில்ல பாக்கணும்பா. கறுப்புலயே ஒம்பது கறுப்பு கீது."

அவரை உள்ளே இழுத்துவந்து உட்காரவைத்தார்கள். நிலைமையைச் சமாளிக்க நினைத்து மேலாளர் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. "இந்த வயரைப் பாருங்க சார். மேல பின்னியிருக்கிறது சுத்தமான பட்டு நூல்."

"பட்டா?" என்று நிமிர்ந்தார் ஆறுகடை. அவர் சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தது தீப்பெட்டி. "ஒரே ஒரு நூலு. உருவிக் கொளுத்தினா முடி கருகற வாசன வரணும். ப்ளாஸ்டிக் வாசன வந்துச்சின்னா நீ ஏமாந்துட்ட தம்பி."

மூன்று பேர் ஓடிவந்தார்கள். இரண்டாவது தேநீர் வரவில்லை.

அதற்குள் நான் அங்கே நான்கு ஹெட்போன் கேட்டு முடித்திருந்தேன். வலப்பக்கம் ஒன்பது. பாடகர்களின் மூச்சுகூடக் கேட்டது. இடப்பக்கம் இரண்டரை. ஆக, ஐந்து கடை, பத்தொன்பது ஹெட்போன், பத்தொன்பதும் இடப்பக்கத்தில் பெயில். திரும்பி வரும் பேருந்தில் நான் உற்பத்தியாளர்களின் நேர்மையைப் பற்றி நாற்பது கிலோமீட்டர் பேசினேன். எப்போதும் ஊடே ஊடே பேசுகிறவர், அன்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஆரணியில் இறங்கும்போது சொன்னார்: "ஆறாவது ஒரு கடை கீது சார். வேலூர்ல. அதான் கடைசி."

மார்ச் பத்தொன்பது, புதன்கிழமை. மாடிப்படி. படி ஏறும்போது அவர் குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்ததால் பெயர்ப் பலகையைப் பார்க்க முடியவில்லை. "உள்ள எதுக்குய்யா குடை?" என்றேன். "மேல ஒழுகுது சார்." மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அந்தக் கடை எனக்குப் பார்த்தவுடன் பிடித்தது. பாட்டுச் சத்தம் இல்லை, விளம்பரம் இல்லை. கண்ணாடி வைத்த சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு. வெள்ளைக் கோட்டுப் போட்ட அம்மாள் ஒருவர்.

"இங்க பாட்டே போட மாட்டாங்க சார்" என்று ஆறுகடை என் காதருகில், வலது காதருகில், சொன்னார். "பாட்டுல ஏமாத்திடலாம். வெறும் 'கீ'ன்னு ஒரு சத்தம் வுடுவாங்க. கேட்டா பட்டன அமுக்கணும். ஒப்பிட்டுப் பாக்கறதுன்னா இதான்."

இப்படி அல்லவா விற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். எண்ணிக்கொண்டே அமுக்கினேன். வலப்பக்கம் இருபத்தேழு. இடப்பக்கம் எட்டு. வெளியே வந்து, "அம்மா, ஏற்பாடெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் ஹெட்போனிலும் இடது பக்கம் சரியில்லை. என்ன விலை?" என்றேன்.

அந்த அம்மாள் ஆறுகடையைப் பார்த்தார். ஆறுகடை மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாள் ஒரு தாளை என் முன் நகர்த்தினார். இரண்டு கோடுகள். ஒன்று சமதளத்தில் போகிறது. மற்றது பாதி வழியில் கிணற்றில் இறங்குவது போல் இறங்குகிறது. முப்பத்தாறு வருடம் கரும்பலகையில் வரைபடம் போட்டவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வகுப்பில் பத்தொன்பது பேரும் ஒரே பாடத்தில் பெயில் என்றால் குற்றம் திருத்தியவனிடம் இருக்கிறது என்று, மற்ற வாத்தியார்களுக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

கீழே டீக்கடையில் இரண்டு டீ சொன்னேன். பிறகு கேட்டேன்: "யோவ் ஆறுகடை, உனக்கு எப்போ தெரியும்?"

"மொதக் கடையிலயே சார். அந்த ரெண்டாயிரத்து நானூறு ரூபா செட்டுலயே டீச்சரம்மா கொரலு கணீர்னு கேட்டுச்சி."

"பின்னே மெட்ராஸ் வரைக்கும் எதுக்குய்யா இழுத்தடிச்ச?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு கடையப் பாத்துட்டு, 'உங்க காது போச்சி'ன்னு எப்படி சார் சொல்றது? ஒருவேள ஹெட்போன்ல குத்தம் இருந்து, எனக்குத் தெரியாம இருந்தா? பாக்கணுமில்ல." மூக்கை ஒரு முறை உறிஞ்சினார். "இப்ப ஆறு கடை பாத்துட்டேன் சார். உங்க காதுதான்."

உலகத்தில் எந்தப் பொருளைக் காட்டினாலும் குறை சொல்கிற மனிதர். அப்படிப்பட்டவர் என் ஒரு காதைக் குறை சொல்ல மனம் வராமல், முப்பத்தாறு நாள், குற்றமற்ற பத்தொன்பது ஹெட்போன்களைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

அதற்காக மேலே திரும்பிப் போனபோது சும்மா இருந்தார் என்று நினைக்க வேண்டாம். காதுக்குப் பின்னால் வைக்கும் கருவி ஒன்று போதும். போனிலிருந்து பாட்டும் நேராக அதிலேயே வரும் என்றார்கள். "அப்ப இதுவும் ஹெட்போன்தான். இன்னும் அஞ்சு காட்டுங்க" என்றார். ஐந்தையும் வெயிலுக்குக் கொண்டுபோனார். நாற்பத்தெட்டாயிரத்தில் தொடங்கிய பேரம் நாற்பத்தோராயிரத்து ஐந்நூறில் நின்றது. பிறகும் எழுந்திருக்கவில்லை.

"எனக்குச் சேர வேண்டிய ரெண்டு பர்சன்ட்ட சாருக்கே கொறச்சிடுங்க."

"உங்களுக்கு எதுக்குங்க ரெண்டு பர்சன்ட்?"

"ஆளக் கூட்டிகினு வந்தது யாரு?"

குறைத்தார்கள்.

அன்று மாலை வீட்டில், மனைவியின் எதிரிலேயே பாட்டைப் போட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்; பார்க்காதது போல் பார்த்தாள். இடப்பக்கம் ஐந்து பெண்கள் வந்து நின்றார்கள். அதில் மூன்றாவது குரல் நாற்பத்தோரு வருடமாக எனக்குத் தெரிந்தது. இரண்டாவது சரணத்தில் அரை மாத்திரை முந்துகிறாள். எப்போதும் முந்துவாள்.

"கேக்குதா?" என்றாள்.

"இரண்டாவது சரணத்துல முந்திட்ட" என்றேன்.

கீரையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். பாட்டுப் புத்தகத்தைத் தேடும் சத்தம் இரண்டு காதிலும் கேட்டது. மறுநாள் வியாழக்கிழமை, ஆறு மணிப் பயிற்சிக்கு ஐந்தேகாலுக்கே கிளம்பிவிட்டாள். எதிர் வீட்டு வாசலில் ஆறுகடை, "டீச்சரம்மா, ஜல்தியா போங்க, எடத்தப் புடிச்சிடப் போறாங்க!" என்று கத்தினார்.

அன்று நடக்கப் போகும்போது நான் அவரிடம் சொன்னேன்: "இனிமேல் நீ இடது பக்கம் நடந்தாலும் எனக்குக் கேட்கும்."

"அந்தப் பக்கம் சாக்கடை சார்" என்று சொல்லிக்கொண்டு வலப்பக்கமே வந்தார். நானும் எப்போதும்போல் அவருக்கு ஓர் ஆள் அளவு இடம் விட்டு நடந்தேன்.

எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு நாற்பதாயிரத்து அறுநூற்று எழுபது ரூபாய். பேருந்துக்கும் டீக்கும் அவர்தான் கொடுத்தார். எவ்வளவு என்று நான் எண்ணவில்லை.