நாலு ஐந்தான விவரம்

தா.பழூர் அருகிலிருந்து,
27.4.2000

அன்புள்ள மாப்பிள்ளை கலைச்செல்வன் அவர்களுக்கு, மாமனார் அய்யம்பெருமாள் எழுதுவது. இங்கு சத்யாவும் குழந்தையும் சுகம். குழந்தை குடிக்கிறது, தூங்குகிறது. இந்த வீட்டில் இப்போது தூக்கம் உள்ளவள் அவள் ஒருத்திதான். சென்னையில் தாங்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். திங்கட்கிழமை பூத்திலிருந்து பேசியபோது பெண் குழந்தை என்று சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. மீதியை இதில் எழுதுகிறேன். தங்கள் தகப்பனார் ஏன் என்னோடு பேசுவதில்லை என்பதும் அந்த மீதியில்தான் வருகிறது.

வளைகாப்பு முடிந்து சத்யாவை அழைத்து வந்த மறுநாளே எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் போனோம். பூட்டியிருந்தது. நர்ஸ் பூமாலைக்கு ஐந்து ஊர், எங்கள் ஊருக்குப் புதன்கிழமைதான் வருவார் என்றார்கள். புதன்கிழமை போனால், "கார்டு எங்கங்க?" என்றார். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அந்தக் கார்டு எறையூரில் தங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. "கார்டு இல்லாம நான் எதைப் பாத்துங்க எழுதுறது?" என்றார். நியாயமான கேள்வி. பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் முப்பத்தோரு வருடம் இருந்தவன் நான், காகிதம் கேட்பவர்களைக் கோபித்துக்கொள்ள மாட்டேன். மூன்று பஸ் மாறி எறையூர் போனேன். தங்கள் தகப்பனார் தங்கராசு அவர்கள் கார்டைச் சாமி படத்துக்குப் பின்னால் ஜாதகத்தோடு வைத்திருந்தார். நல்ல காகிதம் எது வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைப்பவர் அல்லவா, இதற்கும் வைத்திருந்தார். அதில் இருந்த தேதிகளில் ஒன்று, பிரசவ நாளைக் கணக்குப் போட உதவும் தேதி, மஞ்சளுக்கடியில் போய்விட்டது. கொடுக்கும்போது, "பிரசவ தேதிதான் மனசுக்கு ஒப்பலைங்க சம்பந்தி" என்றார். சாப்பாட்டு நேரமாக இருந்ததால் நான் என்னவென்று கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை பூமாலை கார்டைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், மறுபடி கார்டைப் பார்த்தார். "மே இருபத்தாறுன்னு போட்டிருக்கு. வயிறு அதுக்கு மேல இருக்கே, ரெட்டையா இருக்குமோ? வர்ற செவ்வாக்கிழமை அரியலூர்ல ஸ்கேன் பாத்துருங்க" என்றார். "எறையூர்ல ஏப்ரல் கடைசின்னுதான்ப்பா சொன்னாங்க" என்றாள் சத்யா. "எழுதி வச்சிருக்கறது பொய்யாம்மா?" என்று நான் அவளை அடக்கிவிட்டேன்.  என் வீட்டுக்காரி, தங்கள் அத்தை காத்தாயி, சித்திரை பிறந்த அன்றே பழைய புடவைகளைக் கிழித்து, ஆஸ்பத்திரிக்குப் பை கட்டி வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கு முதல் நாளே வலி வந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். "கார்டுபடி எட்டு மாசந்தான் ஆவுது. புள்ளையை வைக்கக் கண்ணாடிப் பெட்டி இங்க இல்லைங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க" என்றார்கள். வாடகைக் கார் பிடித்தேன். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, ஒருவரும் வழி விடவில்லை. "ஒண்ணும் ஆவாது, மாசம் நெறஞ்ச புள்ளைதான்" என்று காத்தாயி ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். "கார்டைப் பாத்துப் பேசுடி" என்று நான் கத்தினேன். சத்யா என் கையை விடவே இல்லை. "பயமா இருக்குப்பா" என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, மாப்பிள்ளை. பிள்ளை போனாலும் போகட்டும், பெண் பிழைத்தால் போதும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது குழந்தையின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

போய்ச் சேர்ந்த அரை மணியில் குழந்தை பிறந்தது. மூன்றே கால் கிலோ. "இதுவா எட்டு மாசம்?" என்று டாக்டரம்மா கார்டை வாங்கி டியூப்லைட்டில் தூக்கிப் பிடித்தார். மாதத்தில் ஐந்துக்கு அடியில் ஒரு நாலு தெரிந்தது, மை வேறு. "தேதி சரியா இருந்தா உங்க ஊர்ப் பக்கத்துலயே பெத்துருக்கலாமே. வண்டியில ஏதாவது ஆயிருந்தா?" என்று கேட்டார். எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. முதல் ஆடிக்குப் பெண்ணை அழைத்து வந்து பிரித்து வைப்பது சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாது என்றுதான். ஆடிப்பெருக்குக்குக் கொள்ளிடத்தில் குளிக்க வந்த தாங்கள் மூன்று நாள் தங்கிப் போனீர்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஊர் விரல்விட்டு எண்ணும் என்று பயந்து தங்கள் தகப்பனார் சித்திரையை வைகாசியாக்கிவிட்டார்.

சாயங்காலம் அவர் பையில் நாட்டுக்கோழியோடு வந்தார். வராந்தாவில் பத்துப் பேர் பார்க்க, "பேனாவைத் தொடறதுக்கு முன்னாடி எம் பொண்ணு உசுரை நெனச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "நான் ஏங்க எழுதப் போறேன்?" என்றார். "பின்ன சாமியா எழுதிச்சு?" என்றேன். அவர் உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்தார், பையை வைத்தார், டீ கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். இதைக் குறையாக எழுதவில்லை. செய்ததை ஒப்புக்கொள்ளும்படி தாங்கள்தான் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

லீவு கிடைத்ததும் வந்து குழந்தையைப் பாருங்கள். சத்யா தங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். தாங்களும் பிள்ளையும் நோய்நொடியில்லாமல் நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அய்யம்பெருமாள்

பி.கு.: இதைத் தங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். தகப்பனார் பஸ் ஏறிய இடம் வந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். "பாவம்ங்க அவரு. நீங்க கார்டைக் கொண்டாந்த அன்னிக்கு அந்த அஞ்சை நான்தான் போட்டேன். ஆடிக்கு அழைச்சிட்டு வந்த பொண்ணை ஒழுங்கா வச்சுக்கத் தெரியலன்னு என்னையத்தானே சொல்லுவாங்க?" என்றாள். எழுதத் தெரியாத உனக்கு அஞ்சு எப்படித் தெரியும் என்றேன். பஸ் நம்பர் பார்த்துப் பழக்கமாம். கார்டு பொய் என்று தெரிந்தவள் வழியெல்லாம் சொல்லித்தான் பார்த்திருக்கிறாள், நான்தான் கத்தியிருக்கிறேன். வேறு கடிதம் எழுதுகிறேன் என்றால், "அடிச்சுத் திருத்துற வேலையே வேணாம், அப்படியே அனுப்புங்க" என்கிறாள். நாளைக் காலை நான் எறையூர் போகிறேன். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். வாசலில் என்னைப் பார்த்ததும் "வாங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.